களைக்கு என்ன செய்தீர்கள்?



உண்மையான ஆர்கானிக் பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முதலிலேயே ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்தோ, மோந்து பார்த்தோ, சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களால் மட்டுமல்ல, விவசாயியாலும் முடியாது, வேளாண் பேராசிரியராலும் முடியாது. ஒரே ஊரில் ஒரே ரக விதையில் காய்த்த இரண்டு கத்தரிக்காய்களை இந்த மேசைமேல் வைத்தால், எது யூரியாவில் விளைந்தது, எது தொழுவுரத்தில் விளைந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் யாருமே இல்லை. ஒரு விளைபொருள் இயற்கை முறையில் வந்தது என்றால், அது விளைந்த வயலில் கடந்த சில வருடங்களாக என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். அந்தச் சங்கதி காயின் தோலில் எழுதியிருக்காது. விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாரிடம் விசாரிப்பது, எதைக் கேட்பது, எந்தப் பதிலை நம்புவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் வீடுகளில் சில சோதனைகள் வழக்கத்தில் இருக்கின்றன. ‘பூச்சி அரிச்சிருக்கு, அப்ப மருந்தடிக்காத காய்தான்’ என்று சொல்லி ஓட்டைக் கத்தரிக்காயைத் தேடி எடுப்பவர்களை உழவர் சந்தையில் நிறையப் பார்க்கலாம். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கிற புழு, பிஞ்சிலேயே உள்ளே புகுந்துவிடும். உள்ளே போன பிறகு மேலே எவ்வளவு மருந்தடித்தாலும் அதன்மேல் படாது. அதனால்தான் வாரம் தவறாமல் மருந்தடிக்கிற தோட்டத்துக் காயிலும் ஓட்டை இருக்கிறது. இன்னொரு பக்கம், அக்கறையுள்ள இயற்கை விவசாயி வாடிய நுனிக்குருத்தைக் கிள்ளி அப்புறப்படுத்துகிறார், இனக்கவர்ச்சிப் பொறி கட்டுகிறார், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிறார், சொத்தையைப் பிரித்து ஒதுக்கிவிட்டு நல்ல காயைத்தான் கூடையில் போடுகிறார். அவருடைய காய் பளபளவென்று இருக்கும். ஓட்டையைச் சான்றாக வைத்துக்கொண்டால் நாம் அவரைத் தாண்டிப் போய்விடுவோம்.

அரிசியில் வண்டு வருவதையும் இப்படித்தான் நம்புகிறோம். இதில் பாதி உண்மை இருக்கிறது. வழக்கமான வியாபாரத்தில், கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகைமூட்டம் போடுகிறார்கள். சான்று பெற்ற இயற்கைப் பொருளுக்கு அது கூடாது. ஆகவே வண்டு சீக்கிரம் வர வாய்ப்பு உண்டு. ஆனால் ரசாயன உரத்தில் விளைந்த அரிசியையும் புகைமூட்டம் போடாமல் இரண்டு மழை மாதம் வைத்திருந்தால் வண்டு பிடிக்கத்தான் செய்யும். மறுபுறம், காற்றை உறிஞ்சிக் கட்டிய பையில் வருகிற நல்ல இயற்கைப் பருப்பில் மாதக்கணக்கில் ஒரு பூச்சியும் இருக்காது.

நிறத்தை நம்புகிறவர்களுக்காக வெல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கரும்புச்சாறு கொப்பரையில் கொதிக்கும்போது அழுக்கு பிரிவதற்குச் சுண்ணாம்பு போடுவார்கள். வெண்டைச் செடியின் கொழகொழப்பான சாற்றை ஊற்றுகிற பழக்கமும் உண்டு. இப்படிக் காய்ச்சினால் வெல்லம் கருஞ்சிவப்பாக வரும். கடையில் மஞ்சளாக, பளிச்சென்று இருந்தால்தான் விற்கும் என்ற நிலை வந்தபோது, வெளுப்பதற்கு ஹைட்ரோஸ் என்று ஆலைக்காரர்கள் சொல்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட்டு வந்தது. சீனியையே மூட்டை மூட்டையாகக் கொட்டி வெல்லம் காய்ச்சுவதும் நடக்கிறது. சேலம் பக்கத்து ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பலமுறை சீனி மூட்டைகளைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் பத்திரிகையில் படித்துவிட்டு, ‘கருப்பாக இருந்தால் ஆர்கானிக்’ என்று நாம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். கருத்த வெல்லம் வெளுக்கப்படாத வெல்லம். அவ்வளவுதான் அதன் நிறம் சொல்லும். அந்தக் கரும்புக்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டார்கள், களைக்கொல்லி அடித்தார்களா என்பதை நிறம் சொல்லாது. நல்ல முறையில் காய்ச்சிய வெல்லம் வேண்டும் என்றால் கருத்ததை வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது இயற்கை வெல்லமா என்ற கேள்வி கரும்புத் தோட்டத்தில்தான் இருக்கிறது, கொப்பரையில் இல்லை.

இந்த ஒரு குழப்பம்தான் நம் ஊர்க் கடைகளில் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம் என்று எழுதியிருந்தால் அது ஆர்கானிக் என்று எடுத்துக்கொள்கிறோம். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் ஆண்டுக்காண்டு நெல் திருவிழா நடத்தி, விதை கொடுத்து விதை வாங்கி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவரும் அவருக்கு வழிகாட்டிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவும் விதையையும் விவசாய முறையையும் சேர்த்தே பேசினார்கள். சந்தை விதையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளரும். யூரியாவை அள்ளிப் போட்டால் தாங்காமல் சாய்ந்துவிடும். 1966ல் ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள் வந்ததே உரத்தைத் தாங்கி நிற்பதற்காகத்தான். ஆகையால் பாரம்பரிய ரகத்துக்கு உரம் குறைவாகப் போடுவார்கள் என்பது சரி. ஆனால் கொஞ்சம் டி.ஏ.பி., ஒரு கை யூரியா, நட்ட மூன்றாம் நாள் களைக்கொல்லி என்று போட்டு மாப்பிள்ளைச் சம்பா விளைவிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, அப்படி விளைவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பாரம்பரிய அரிசி என்று விற்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆர்கானிக் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இதற்கு மாறாக, வெள்ளைப் பொன்னியையும் பி.பி.டி. நெல்லையும் முழுக்க இயற்கை முறையில் சாகுபடி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அரிசி வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகவே ஆர்கானிக் கடையில் யாரும் அதைத் தொடுவதில்லை.

மரச்செக்கு எண்ணெய், தீட்டாத அரிசி, நாட்டுச்சர்க்கரை, நாட்டுக்கோழி முட்டை, மலைத்தேன் எல்லாம் இந்த வகைதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நன்மை இருக்கலாம். அவை இயற்கை வேளாண்மைக்குச் சான்று ஆகாது.

சரி, எதுதான் சான்று? நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது இங்கே உதவும். பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2017ல் இயற்கை உணவுக்கென்று தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அது 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு கடையோ நிறுவனமோ ஆர்கானிக் என்று சொல்லி விற்க வேண்டுமானால், இரண்டு முறைகளில் ஏதாவது ஒன்றில் சான்று பெற்ற பொருளாக அது இருக்க வேண்டும்.

ஒன்று, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான அபீடா நடத்துகிற, 2001ல் தொடங்கிய என்.பி.ஓ.பி. என்னும் தேசியத் திட்டம். ஏற்றுமதிக்காக வந்தது, இப்போது உள்நாட்டுக்கும் செல்லும். அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பின் ஆய்வாளர் வயலுக்கு வந்து பார்ப்பார், பதிவேடுகளைச் சரிபார்ப்பார். தமிழ்நாட்டில் அரசே இப்படி ஒரு அமைப்பை வைத்திருக்கிறது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறை 2007 முதல் இயங்குகிறது. நெல், காய்கறி போன்ற பருவப் பயிர்களுக்கு விதைப்பதற்கு முன்னால் இரண்டு வருடமும், தென்னை, மா போன்ற நிலைப்பயிர்களுக்கு அறுவடைக்கு முன்னால் மூன்று வருடமும் இயற்கை முறைக்கு மாறுவதற்கான மாற்றுக் காலம் உண்டு.

மற்றொன்று, வேளாண் அமைச்சகத்தின் பி.ஜி.எஸ். இந்தியா. இதில் வெளியிலிருந்து ஆய்வாளர் வருவதில்லை. ஒரே ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ இருக்கிற ஐந்து பேருக்குக் குறையாத விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர்கள் பார்த்து உறுதி கொடுக்கிறார்கள். மாற்றுக் காலத்தில் இருக்கிற பொருளுக்கு பி.ஜி.எஸ். கிரீன், முழுமையாக மாறிய பிறகு பி.ஜி.எஸ். ஆர்கானிக் என்று இரண்டு முத்திரைகள். ‘விவசாயிகள் தங்களுக்குள்ளேயே சான்று கொடுத்துக்கொள்வதா’ என்று கேட்பீர்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. பக்கத்து வயல்காரர் ராத்திரியில் மருந்தடித்தாலும் காலையில் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஆய்வாளருக்கு அந்த வசதி இல்லை.

அந்த மாற்றுக் காலத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் விளைச்சல் பலருக்குக் கீழே இறங்கும். மண் இன்னும் தேறியிருக்காது, நன்மை செய்யும் பூச்சிகள் திரும்ப வந்திருக்காது. அதே வருடங்களில்தான் விவசாயியால் ஆர்கானிக் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கவும் முடியாது. இந்தப் பள்ளத்தைத் தாண்டி ஒருவர் மேலே வந்து சந்தையில் நிற்கும்போது, பக்கத்துக் கடையில் மொத்த மண்டிச் சரக்கைச் சணல் பையில் போட்டு ஆர்கானிக் என்று விற்கிறார்கள். போலியால் நுகர்வோர் ஏமாறுகிறோம் என்று நாம் பேசுகிறோம். நமக்குப் போவது சில நூறு ரூபாய். அவருக்குப் போவது மூன்று வருட உழைப்பு. நாம் விசாரித்து வாங்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம்.

இனி ஒரு பையைக் கையில் எடுத்துப் படித்துப் பார்ப்போம். ஒரு கிலோ கருப்புக் கவுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஏர் பிடித்த உழவர் படம், பச்சை இலை, ‘நூறு சதவீதம் இயற்கை’, ‘ரசாயனமற்றது’. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பையைத் திருப்புங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று போட்டுப் பதினான்கு இலக்க எண் இருக்கும். ‘பாருங்க, கவர்ன்மென்ட் நம்பர் இருக்கு’ என்று சில கடைக்காரர்கள் அதைத்தான் காட்டுவார்கள். அந்த எண் உணவுத் தொழில் செய்ய அனுமதி வாங்கியிருக்கிறார் என்பதற்கு மட்டும்தான். மிட்டாய்க் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் அதே பதினான்கு இலக்கம் உண்டு. நீங்கள் தேட வேண்டியது ஜைவிக் பாரத், என்.பி.ஓ.பி.யின் இந்தியா ஆர்கானிக், பி.ஜி.எஸ். ஆகிய இயற்கை உணவு முத்திரைகளில் ஒன்றாவது, சான்றளித்த அமைப்பின் பெயர், சான்று எண். முத்திரைகளின் வடிவத்தை அரசு அவ்வப்போது மாற்றும். அச்சகத்தில் கொடுத்தால் யாரும் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஆகவே படத்தைவிட எண்தான் முக்கியம். எண் இல்லாத முத்திரையை முத்திரையாகவே கணக்கில் எடுக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரிலேயே ஆர்கானிக் என்று வைத்துக்கொண்டு, பொருளுக்குச் சான்றே வாங்காமல் விற்பவர்களும் உண்டு. பெயர்ப்பலகை பொருளுக்குச் சான்று ஆகாது.

கடையின் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சான்றிதழ் மாட்டியிருந்தால், பக்கத்தில் போய்ப் படியுங்கள். யாருடைய பெயர், எந்த ஊர், என்ன பயிர், எத்தனை ஏக்கர், எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். தென்னந்தோப்புக்கு வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டி, அதன் கீழே தட்டில் கேரட்டும் பீன்ஸும் விற்கலாம். படிக்காதவரை நமக்குத் தெரியாது. தேதி முடிந்து போன சான்றிதழ்களும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியது அது.

சான்றிதழ் இருந்துவிட்டால் கவலையில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். என்.பி.ஓ.பி. முறையில் 25 முதல் 500 விவசாயிகள் வரை ஒரே குழுவாகச் சான்று பெறலாம் என்று இருந்தது. சிறு விவசாயிக்குச் செலவு குறைய இதுதான் வழி. ஆனால் அத்தனை வயலையும் ஆய்வாளர் நேரில் பார்ப்பதில்லை, சிலவற்றைத்தான் பார்ப்பார். இந்தியாவின் மேற்பார்வை போதாது என்று சொல்லி அமெரிக்க வேளாண் துறை 2021ல் அபீடாவுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. எள்ளில் எத்திலின் ஆக்சைடு எச்சம் அகப்பட்டதையொட்டி ஐரோப்பிய ஒன்றியமும் இங்கே இயங்கிய சில சான்றளிப்பு நிறுவனங்களை ஏற்க மறுத்தது. வெளிநாட்டுக்காரர் திருப்பி அனுப்பும் சரக்கைப் பற்றி நாம் படிக்கிறோம். நம் ஊர்க் கடைச் சரக்கைத் திருப்பி அனுப்ப நம்மைத் தவிர யாரும் இல்லை.

அப்படியானால் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டால் என்ன என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். பூச்சிமருந்து எச்சத்தைக் கண்டுபிடிக்கும் நல்ல ஆய்வகங்கள் இருக்கின்றன. மருந்து இருந்தால் காட்டிக்கொடுக்கும். ஆனால் ‘எச்சம் இல்லை’ என்று வருகிற அறிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. யூரியாவை அந்தச் சோதனை கண்டுபிடிக்காது. செடி எடுத்துக்கொள்கிற தழைச்சத்து யூரியாவிலிருந்து வந்தாலும் தக்கைப்பூண்டிலிருந்து வந்தாலும் செடிக்குள் போன பிறகு ஒன்றுதான். பூவுக்கு முன்னால் அடித்த மருந்து அறுவடைக்குள் சிதைந்து போயிருக்கலாம். கொடுத்த மாதிரி எந்த மூட்டையிலிருந்து எடுத்தது என்பதும் கொடுத்தவருக்குத்தான் தெரியும். இன்னொன்று, கொஞ்சம் எச்சம் இருந்ததாலேயே விவசாயி ஏமாற்றிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வரும், வாய்க்கால் தண்ணீரில் வரும். சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது: வழக்கமான உணவுக்கு அனுமதித்த எச்ச அளவில் ஐந்து சதவீதம், அல்லது கருவி அளந்து சொல்லக்கூடிய குறைந்தபட்ச அளவு, இரண்டில் எது அதிகமோ அதுவரை இயற்கைப் பொருளில் இருக்கலாம்.

இதுவரை பையில் அடைத்த பொருளைப் பற்றிப் பேசினேன். நம்மில் பெரும்பாலோர் காய்கறி, கீரை, அரிசி இவற்றைச் சில்லறையாக, தெரிந்தவரிடம் வாங்குகிறோம். இங்கே சட்டம் ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்பனை இல்லாத சிறு விவசாயியோ விவசாயிகள் அமைப்போ, தாங்கள் விளைவித்ததை உண்பவருக்கு நேராக விற்கும்போது சான்று கட்டாயமில்லை. முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. நியாயமான சலுகை. ஆனால் இதைக் கடைக்காரர்கள் தங்களுக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். ‘நாங்க சின்ன விவசாயிங்ககிட்ட வாங்குறோம் சார், அவங்களுக்குச் சர்டிபிகேட் தேவையில்ல’ என்பார்கள். விவசாயி நேரே உங்களிடம் விற்றால்தான் அந்தச் சலுகை. இடையில் ஒரு கடை வந்துவிட்டால் அது போய்விடுகிறது. உழவர் சந்தையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1999ல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விவசாயிக்குப் புகைப்பட அடையாள அட்டை கொடுக்கிறார்கள். விற்பவர் வியாபாரி அல்ல, விவசாயிதான் என்பதற்கு அது உத்தரவாதம். விளைவித்த முறைக்கு அல்ல.

சான்று இல்லாத அந்த விவசாயியை எப்படி நம்புவது? பேச்சுக் கொடுங்கள். ‘மருந்து அடிப்பீங்களா?’ என்று கேட்காதீர்கள். இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நான் கேட்கச் சொல்வது: ‘களைக்கு என்ன செஞ்சீங்க?’

இன்றைக்கு இயற்கை விவசாயத்தில் பெரிய சோதனை பூச்சி இல்லை, களைதான். களை பறிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. உரத்தையும் பூச்சிமருந்தையும் விட்டவர்கள்கூட ஒரே ஒரு முறை களைக்கொல்லி அடித்துவிட்டு மீதியை இயற்கை முறையில் செய்யலாமா என்று தடுமாறுகிற இடம் இதுதான். உண்மையில் இயற்கை முறையில் செய்கிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் பதில் சுருக்கமாக வராது. ‘அத ஏன் கேக்குறீங்கம்மா’ என்றுதான் தொடங்குவார். கோரை எந்தப் பக்கம் ஏறியது, கோனோ வீடர் உருட்ட ஆள் வராமல் மகனையும் மருமகளையும் இறக்கியது, தண்ணீர் கட்ட முடியாத மேட்டு மடையில் புல் மண்டிப் போனது, இரண்டாம் களைக்கு மட்டும் ஆன கூலி என்று எல்லாம் வரிசையாக வரும். அடுத்து ‘நட்டு எத்தனை நாளில் முதல் களை எடுத்தீங்க, அதுக்கு முந்தி என்ன மடக்கி உழுதீங்க’ என்று கேளுங்கள். தக்கைப்பூண்டு, சணப்பு, கொழுஞ்சி, பலதானியம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, அது கிடைத்த விதையின் விலையையும் சொல்வார். புகையான் வந்தது, இலைச்சுருட்டு வந்தது, இந்த மூலையில் கால் காணி போய்விட்டது என்று தோற்றதையும் சொல்வார். செய்யாதவரிடம் பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்ற பெயர்கள் மட்டும் மளமளவென்று வரும். நஷ்டக் கணக்கு வராது. ஒரு போகம் முழுக்க எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்கிறவரிடம் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

பருவத்தையும் கேளுங்கள். அவரை ஆடியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழிக்குக் காய்க்கும். சம்பா நெல் தையில் அறுவடை. சமவெளியில் இருக்கிற ஒரு சிறு பண்ணை, சித்திரை வெயிலிலும் காலிஃபிளவர், பீட்ரூட், கேரட் என்று பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில், ஒரே வடிவில், ஒருநாள் தவறாமல் கொடுத்தால், அது எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். நல்ல இயற்கைக் கடையில் ‘இந்த வாரம் வெண்டை இல்லை’ என்று சொல்வார்கள். அந்த ‘இல்லை’யைக் கேட்டு நாம் முகம் சுளிக்கக் கூடாது. நாம் முகம் சுளிப்பதால்தான் நல்ல கடைக்காரர்கூட மண்டிக்குப் போகிறார்.

அளவும் விலையும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டிய விஷயங்கள். ஒரு லிட்டர் மரச்செக்குக் கடலை எண்ணெய்க்கு, உடைத்த நிலக்கடலைப் பருப்பு இரண்டேகாலிலிருந்து இரண்டரைக் கிலோ வேண்டும். அன்றைக்கு மளிகைக் கடையில் நிலக்கடலைப் பருப்பு என்ன விலை என்று கேட்டு இரண்டேகாலால் பெருக்குங்கள். ஆட்டுகூலி, பாட்டில், வண்டி வாடகை எதுவும் சேர்க்காமலே அந்தத் தொகை எண்ணெய் விலையைத் தாண்டினால், பாட்டிலுக்குள் இருப்பது முழுக்கக் கடலை எண்ணெயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆர்கானிக் என்ற பேச்சுக்கே இடமில்லை. நெல்லிலும் இப்படித்தான். கருப்புக் கவுனி ஐந்து மாதப் பயிர், விளைச்சல் குறைவு. அதை வழக்கமான அரிசி விலைக்குக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் விலை கூடுதல் என்பது எதையும் நிரூபிக்காது. மூன்று மடங்கு விலை வைத்து மண்டிச் சரக்கு விற்பது மிகச் சுலபம். கடைக்காரரிடம், ‘இதில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது’ என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையாக நடத்துகிறவர்கள் சொல்லிவிடுவார்கள், சிலர் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விவசாயியின் பெயரும் ஊரும் கேட்டால் மழுப்புகிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாது. மாற்ற வேண்டியதும் இல்லை. வீட்டில் அதிகம் செலவாகிற அரிசியையும், கீரை, கத்தரி, வெண்டை, பச்சைமிளகாய் போல மருந்து அதிகம் புழங்குகிற காய்களையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். உரிய இயற்கை முத்திரையில்லாத ஆர்கானிக் பிஸ்கட்டுக்கும் ஆர்கானிக் நூடுல்ஸுக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு விவசாயியிடம் மாத அரிசியைப் பேசி வாங்கலாம். ஐந்தாறு வீடுகள் சேர்ந்தால் ஒரு சிறு விவசாயியின் அரை ஏக்கர் நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ந்து வாங்குகிறவர்களுக்கு, வயலைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லும் உரிமையும் வந்துவிடும். பி.ஜி.எஸ். குழுக்களின் வயல் ஆய்வில் நுகர்வோரும் கூடப் போகலாம். அதற்கு அந்த முறையிலேயே இடம் இருக்கிறது.

போவதென்றால் எப்போது போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலையொட்டி அறுவடைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். விளைந்து நிற்கிற நெல் எல்லா வயலிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஐப்பசியில் போங்கள், சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும்போது. முதலில் வரப்பைப் பாருங்கள். பச்சையாகவோ, அரிவாளால் அறுத்தோ இருக்கிறதா, அல்லது புல் வேரோடு கருகிச் செம்பழுப்பாகக் கிடக்கிறதா? மழைக்காலத்தில் வரப்புப் புல் தானாக அப்படிக் காயாது, அது களைக்கொல்லி. மோட்டார்க் கொட்டகையின் மூலையையும் வாய்க்கால் ஓரத்தையும் பாருங்கள். காலி பாட்டில்களும் பொட்டலங்களும் அங்கேதான் கிடக்கும். வயலுக்குள் குனிந்து பாருங்கள். தூர்களுக்கு நடுவே சிலந்தி வலை, மேலே தட்டான்கள், வரப்பு ஓரத்தில் மண்புழு தள்ளிய மண் உருண்டைகள், கொஞ்சம் களையும் இருக்க வேண்டும். பக்கத்து வயல் யாருடையது, அவர் என்ன அடிக்கிறார், இரண்டுக்கும் நடுவில் என்ன தடுப்பு வைத்திருக்கிறீர்கள், தண்ணீர் எந்த வயல் வழியாக வருகிறது என்று கேளுங்கள். அகத்தியோ சோளமோ வேலியாக நட்டிருந்தால் காட்டுவார். அதற்குப் பிறகு அந்த வயலில் எந்தப் பக்கம் களை எடுக்க ஆள் வரவில்லை என்று அவரே அழைத்துக்கொண்டு போய்க் காட்டத் தொடங்குவார். கொஞ்ச நேரம் கூடவே நடந்து போங்கள்.